பேசும்படக் கருவியின் குரல்

ஹைதராபாத் நகரத்திற்குச் செல்பவர்கள் சாலார் ஜங் பொருட்காட்சிச் சாலையைக் காணாமல் திரும்புவதில்லை. 1951-ஆம் ஆண்டு டிசம்பர் மாதத்தில் ஜவஹர்லால் நேருவால் திறந்து வைக்கப்பெற்ற அந்தச் சாலையில் ஓவியங்களும் சிற்பங்களும் தந்த வேலைப்பாடுகளும் எத்தனையோ உண்டு. ஆயினும் மணிக்கு மணி மக்கள் கூட்டமாகக் காத்து நிற்பது ஒரு கடிகாரத்தின் எதிரில்தான். குக் அண்ட் கெல்வி என்ற கல்கத்தா நிறுவனத்தின் பெயரைத் தாங்கிய அக்கடிகாரத்திலிருந்து, மணி நிறையும் வேளையில், தாடி வைத்த சிறு பொம்மை ஒன்று வெளிவந்து மணியை அடித்துவிட்டு உள்ளே செல்லும். நண்பகலில் பன்னிரண்டு முறை அடிப்பதைக் காணத்தான் கூட்டம் மிகுதி. பொம்மை வெளிவராத நாள் ஒன்று வந்துவிட்டால் அக்கடிகாரம் வெறும் மரப்பெட்டியாகிவிடும். சிற்பம் அசையாமலே தன் அழகைக் காட்டும். யந்திரமோ இயங்கினால்தான் தன்னைக் காட்டும்.

இந்த உண்மையை மனத்திற் கொண்டு, அதே நகரத்தோடு நெருங்கிய தொடர்புள்ள மற்றொரு யந்திரத்தை இங்கே ஆராய்வோம். அது பேசும்படம் காட்டும் கருவி. அதன் ஒளி எப்படித் திரையில் விழுகிறது என்பதைப் பலர் அறிவர். அதன் குரல் எங்கிருந்து வருகிறது, அக்குரல் அடைத்துப் போனால் எப்படி மீட்பது என்பவற்றை அறிந்தவர்கள் நாளுக்கு நாள் குறைந்து வருகிறார்கள். நமது கவலையும் அதுவே.

ஹைதராபாத்தின் சினிமா வரலாறு ஊமைப்படக் காலத்திலேயே தொடங்கிவிட்டது. கல்கத்தாவைச் சேர்ந்த தீரேந்திரநாத் கங்குலி 1922-ஆம் ஆண்டில் நிஜாமின் ஆதரவோடு அங்கே லோட்டஸ் பிலிம் கம்பெனியை நிறுவிப் படங்கள் எடுத்தார், கொட்டகைகளையும் நடத்தினார். 1924-இல் 'ரஸியா பேகம்' என்ற பம்பாய்ப் படத்தை அவர் திரையிட்டதும், முஸ்லிம் அரசி ஒருத்தி இந்து ஒருவரிடம் காதல் கொள்ளும் அக்கதை நிஜாமின் சினத்தைக் கிளறியது. சமஸ்தானத்தை விட்டு வெளியேறும்படி ஆணை பிறந்தது. கங்குலியின் கம்பெனியும் அத்துடன் முடிந்தது. ஒரு சொல்லும் பேசாத படமே இவ்வளவு கலக்கத்தை விளைவித்தது என்றால், படம் வாய் திறந்து பேசத் தொடங்கியபோது அதன் ஆற்றல் எத்தகையதாயிருந்திருக்கும்!

வாய் திறந்த ஆண்டு 1931. அவ்வாண்டு மார்ச் 14-ஆம் நாள் அர்தேஷிர் இரானியின் 'ஆலம் ஆரா' பம்பாய் மெஜஸ்டிக் கொட்டகையில் வெளியாயிற்று. அக்டோபர் 31-ஆம் நாள் எச்.எம். ரெட்டி இயக்கிய 'காளிதாஸ்' சென்னையில் வெளிவந்தது. டி.பி. ராஜலட்சுமி நடித்த அப்படத்தில் தமிழும் தெலுங்கும் கலந்தே ஒலித்தன. மறு ஆண்டு அதே ரெட்டி தெலுங்கில் 'பக்த பிரஹ்லாதா'வை அளித்தார். இம்மூன்று படங்களிலும் முகம் காட்டிய ஒருவர் உண்டு. அவரே எல்.வி. பிரசாத். இன்று ஹைதராபாத்தில் 1987 முதல் பணியாற்றிவரும் புகழ்பெற்ற கண் மருத்துவ நிலையம் அவர் பெயரையே தாங்கி நிற்கிறது. இந்தி, தமிழ், தெலுங்கு என்னும் மூன்று மொழிகளும் வெள்ளித்திரையில் பிறந்த பொழுதை உடனிருந்து கண்ட ஒருவரின் பெயரை அந்நகரம் நாள்தோறும் உச்சரிக்கிறது.

மொழி என்று சொன்னோம். அரசு அலுவல் உருதுவிலும், மக்கள் பேச்சு தெலுங்கு, மராத்தி, கன்னடம் ஆகியவற்றிலும் நடந்த சமஸ்தானம் அது. பக்கத்துச் சிகந்தராபாத்திலோ, ராணுவப் பாசறையையொட்டி வந்து குடியேறிய தமிழர்கள் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்தனர். ஊமைப்படத்துக்கு மொழியில்லை, எல்லோரும் ஒரே கொட்டகையில் அமர்ந்து பார்க்கலாம். பேசும்படமோ ஒவ்வொருவரையும் அவரவர் தாய்மொழியில் அழைத்தது. அந்த அழைப்பைத் தாங்கி வந்தது, படச்சுருளின் ஓரத்தில் பத்தில் ஓர் அங்குல அகலமே உள்ள ஒரு கோடு.

அக்கோட்டின் வரலாறு சுவையானது. செலினியம் என்ற பொருளின் மீது ஒளி படும்போது அதன் மின்தடை மாறுகிறது என்பதை வில்லோபி ஸ்மித் 1873-இல் வெளியிட்டார். ஏழாண்டுகள் கழித்து, தொலைபேசியைக் கண்ட அலெக்சாந்தர் கிரஹாம் பெல் சூரிய ஒளிக்கற்றை ஒன்றின் வழியே மனிதக் குரலை அனுப்பிக் காட்டினார். அக்கருவிக்கு அவர் இட்ட பெயர் 'போட்டோபோன்'. ஒளியை அசைத்தால் ஒலியாக மாற்றலாம் என்ற அந்த எண்ணமே பேசும்படத்தின் வித்து. 1922-இல் பெர்லினில் டிரை-எர்கான் குழுவினரும், 1923-இல் நியூயார்க்கில் லீ டி பாரஸ்டும் ஒலியைப் படச்சுருளிலேயே பதித்துக் காட்டினார்கள். ஆயினும் 1927-இல் உலகை வியக்க வைத்த 'ஜாஸ் சிங்கர்' படம் ஒலியைக் கிராமபோன் தட்டிலேயே வைத்திருந்தது. தட்டில் ஊசி ஒருமுறை தாவினாலும், சுருள் ஒருமுறை அறுந்து ஒட்டப்பட்டாலும் உதடு ஒரு பக்கமும் பேச்சு ஒரு பக்கமுமாகப் பிரிந்துவிடும். ஆகவே சில ஆண்டுகளிலேயே தட்டு விலகியது. சுருளின் ஓரக்கோடு நிலைத்தது.

அக்கோடு இருவகைப்படும். வெஸ்டர்ன் எலக்ட்ரிக் முறையில் அகலம் மாறாமல் கருமை மட்டும் கூடிக் குறையும். ஏணிப்படிகளைப் போன்ற சாம்பல் நிறப் பட்டைகள் தெரியும். ஆர்.சி.ஏ. போட்டோபோன் முறையில் கருமை மாறாமல் அகலம் மாறும். மலைத்தொடரின் விளிம்பைப் போல் காணப்படும். பார்வைக்கு வேறாயினும் இரண்டையும் ஒரே கருவி படித்துவிடும். ஏனெனில் இரண்டும் செய்வது ஒன்றே. தம் வழியே செல்லும் ஒளியின் அளவை அவை மாற்றுகின்றன.

படிக்கும் உறுப்புக்கு 'ஒலித்தலை' என்று பெயர். படவீச்சுப் பகுதிக்குக் கீழே அது பொருத்தப்பட்டிருக்கும். எக்ஸைட்டர் விளக்கு என்னும் சிறு விளக்கின் ஒளி, ஓர் அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்களவே தடித்த கோடாகக் குவிக்கப்பட்டு, ஓடும் சுருளின் ஓரத்தில் விழுகிறது. அதைக் கடந்து வரும் ஒளி, போட்டோ செல் என்னும் ஒளிமின்கலத்தில் பட்டு மிகச் சிறிய மின்னோட்டமாகிறது. வால்வுகள் அதைப் பெருக்க, திரைக்குப் பின்னாலுள்ள ஒலிபெருக்கி பேசுகிறது. திரையில் நுண்ணிய துளைகள் ஆயிரக்கணக்கில் இருப்பது, பேச்சு நடிகரின் முகத்திலிருந்தே வருவதுபோல் நம் காதை எட்டுவதற்காகத்தான்.

இங்கே ஒரு முரண்பாட்டைக் கவனிக்க வேண்டும். படம் தெளிவாகத் தெரிவதற்குச் சுருள் வினாடிக்கு 24 முறை நின்று நின்று நகர வேண்டும். ஒலி தெளிவாகக் கேட்பதற்கோ அதே சுருள் இம்மியும் நில்லாமல் ஒரே சீராக, வினாடிக்கு 18 அங்குலம் ஓட வேண்டும். ஒரே சுருள் நிற்கவும் வேண்டும், நில்லாமல் ஓடவும் வேண்டும்! ஆகவே, இரண்டு வேலைகளையும் இரண்டு இடங்களில் பிரித்து வைத்தார்கள். 35 மில்லிமீட்டர் சுருளில் ஒவ்வொரு படத்துக்கும் உரிய ஒலி 20 கட்டங்கள் முன்னதாகப் பதிக்கப்பட்டிருக்கிறது. படவாயிலில் நின்று நகர்ந்த சுருள், இடையிலுள்ள தளர்ந்த வளைவில் தன் படபடப்பைத் தணித்துக்கொண்டு, கனமான சுழற்சக்கரம் பூண்ட உருளையின் மேல் அமைதியாக ஓடி ஒலியைத் தருகிறது. ஆபரேட்டர் அவ்வளைவைச் சில கட்டங்கள் கூடுதலாகவோ குறைவாகவோ விட்டுவிட்டால், கதாநாயகி வாய் மூடிய பின்பு அவள் பேச்சு கேட்கும். கொட்டகையில் சீழ்க்கை ஒலி எழுவதற்கு அது ஒன்றே போதும்.

இனி, பல ஆண்டுகள் மூடிக் கிடந்த பழைய கருவி ஒன்று நம் கைக்கு வருவதாகக் கொள்வோம். ஓடவிட்டால் படம் தெரிகிறது, குரல் இல்லை. கைதேர்ந்தவர் உடனே திருப்புளியை எடுப்பதில்லை. நோய் எங்கே என்பதை முதலில் பிரித்தறிகிறார். பழைய கொட்டகைகளில் இடைவேளையின்போது கிராமபோன் தட்டுகள் ஒலிபரப்பப்படும் அல்லவா? அதற்கான இணைப்பு பெருக்கியிலேயே இருக்கும். அதில் தட்டு ஒன்றைச் சுழலவிட்டுப் பாட்டுக் கேட்கிறதென்றால் பெருக்கியும் ஒலிபெருக்கியும் நலம். நோய் ஒலித்தலையில் இருக்கிறது. பாட்டும் கேட்கவில்லையென்றால் பெருக்கியையும் ஒலிபெருக்கியையும் ஆராய வேண்டும். அடுத்து, எக்ஸைட்டர் விளக்கை ஏற்றி, ஒளிக்கற்றையின் குறுக்கே ஓர் அட்டையை வீசிப் பார்க்கிறார். ஒவ்வொரு வீச்சுக்கும் 'தொம்' என்ற ஒலி எழுந்தால் ஒளிமின்கலம் உயிருடன் இருக்கிறது. இவ்விரு எளிய சோதனைகளும் பாதி வேலையை முடித்துவிடும்.

பெருக்கியைத் திறக்குமுன் எச்சரிக்கை ஒன்று உண்டு. வால்வுப் பெருக்கியில் 300, 400 வோல்ட் மின்னழுத்தம் சாதாரணம். மின்சாரத்தை நிறுத்திய பின்பும் மின்தேக்கிகளில் அது தங்கியிருக்கும். தகுந்த மின்தடை ஒன்றின் வழியே அதை வடித்துவிட்டு, அளவுமானியால் உறுதி செய்த பின்னரே கைவைக்க வேண்டும். நெடுங்காலம் உறங்கிய மின்தேக்கிகளின் உட்பொருள் உலர்ந்திருக்கும். காகித மின்தேக்கிகள் கசியத் தொடங்கியிருக்கும். அவற்றை மாற்றாமல் முழு மின்னழுத்தத்தையும் செலுத்தினால், எளிதில் மாற்றுக் கிடைக்காத மின்மாற்றி கருகிப்போகும். மிகப் பழைய ஒலிபெருக்கிகளில் நிலைக்காந்தம் கிடையாது. தனி மின்சாரம் பாய்ந்தால்தான் அவை காந்தமாகும். இதை அறியாமல், நல்ல ஒலிபெருக்கியைப் பழுதென்று தூக்கி எறிந்தோரும் உண்டு.

குரல் வந்துவிட்டது, ஆனால் கூடவே ரீங்காரமும் கேட்கிறது. அந்த ரீங்காரத்தின் சுருதியே நோயைச் சொல்லிவிடும். எக்ஸைட்டர் விளக்குக்கு நேர்மின்சாரத்துக்குப் பதிலாக வீட்டு மாறுமின்சாரம் கலந்து வந்தால், விளக்கு வினாடிக்கு 100 முறை மினுங்கும்; அந்த அதிர்வு ஒலியாகக் கேட்கும். சுருள் பக்கவாட்டில் விலகி, அதன் பல்துளைகள் ஒளிக்கற்றையில் அகப்பட்டால், கட்டத்திற்கு 4 துளை வீதம் வினாடிக்கு 96 அதிர்வுகள் உண்டாகும். எதிர்ப்பக்கம் விலகிப் படத்தின் விளிம்பே அகப்பட்டால் வினாடிக்கு 24 அடிகளாகப் படபடக்கும். நாடி பார்த்து நோய் சொன்ன சித்த வைத்தியரைப் போல், காதாலேயே இவற்றைப் பிரித்துச் சொல்லும் ஆபரேட்டர்கள் இருந்திருக்கிறார்கள்.

பேச்சு கேட்கிறது, ஆயினும் 'ச', 'ஸ' முதலிய எழுத்துகள் மழுங்குகின்றன என்றால் என்ன பொருள்? சிறு கணக்கு ஒன்று இதை விளக்கும். வினாடிக்கு 9,000 அதிர்வுள்ள ஒலி, 18 அங்குலச் சுருளில் 9,000 அலைகளாகப் பதிந்திருக்கும். ஓர் அலைக்குக் கிடைக்கும் இடம் அங்குலத்தில் ஆயிரத்தில் இரண்டு பங்கு. அதைப் படிக்கும் ஒளிக்கோடு தடித்துவிட்டாலோ, சிறிது சாய்ந்துவிட்டாலோ, அண்டை அலைகள் ஒன்றோடொன்று கலந்து அழிந்துவிடும். பெரும்பாலும் காரணம் மிக எளியது. யந்திரத்தின் எண்ணெய் கசிந்து வந்து வில்லையில் படிந்திருக்கும். அதைத் துடைத்துச் சோதனைச் சுருள் ஒன்றைக் கொண்டு குவியத்தையும் சாய்வையும் நேர்செய்தால் மழுங்கிய எழுத்துகள் மீளும். வீணையின் நாதம் நடுங்குவதுபோல் இசை அலைகிறதென்றால், சுழற்சக்கரத்தின் தாங்கி தேய்ந்திருக்கிறது என்று கொள்ளலாம்.

இத்தகைய வேலைகளை ஹைதராபாத்தில் செய்து பழகிய கைகள் எப்படி உருவாயின? ஒரு காரணம் வானொலி. நிஜாம் அரசின் டெக்கான் ரேடியோ அந்நகரில் ஒலிபரப்பி வந்தது; 1950 ஏப்ரல் முதல் நாளன்று அது அகில இந்திய வானொலியுடன் இணைந்தது. வீட்டு வானொலிப் பெட்டிக்கும் கொட்டகைப் பெருக்கிக்கும் வால்வுகளும் மின்தேக்கிகளும் பொது. ஆகவே ஒன்றைப் பழுது பார்க்கக் கற்றவருக்கு மற்றதும் அந்நியமன்று. கோட்டிப் பகுதியிலுள்ள குஜராத்தி கல்லி இன்றும் மின்னணு உதிரிப்பாகங்களுக்குப் பெயர் பெற்ற கடைத்தெருவாக விளங்குகிறது. மற்றொரு காரணம் சினிமாத் தொழிலின் வருகை. 1956-இல் ஆந்திரப் பிரதேசம் உருவாகிய காலத்தில் சாரதி ஸ்டூடியோவும், 1976-இல் அன்னபூர்ணா ஸ்டூடியோவும் எழுந்தன. சென்னையில் வேரூன்றியிருந்த தெலுங்குப் படத்தொழில் படிப்படியாக ஹைதராபாத்துக்கு இடம்பெயர்ந்தது. 1986-இல் நடிகர் கிருஷ்ணா தயாரித்து இயக்கிய 'சிம்ஹாசனம்', தெலுங்கின் முதல் 70 மில்லிமீட்டர் படமாக வந்தது. அத்தகைய அகலச் சுருளில் காந்தப் பூச்சுப் பட்டைகளில் ஆறு தடங்களாக ஒலி பதிக்கப்படும். அதைப் படிக்கத் தனி ஒலித்தலை வேண்டும். ஆர்.டி.சி. நாற்சந்தியில் 'சுதர்சன் 35 எம்.எம்.' என்றும் 'சந்தியா 70 எம்.எம்.' என்றும் கொட்டகைகள் படச்சுருளின் அகலத்தையே தம் பெயரோடு சேர்த்துக்கொண்டன.

பெயர் நிலைத்தது; சுருள் போய்விட்டது. 2005-ஆம் ஆண்டையொட்டி இந்தியாவில் பரவத் தொடங்கிய எண்ணியல் முறை, பத்தாண்டுகளுக்குள் படச்சுருளைக் கொட்டகைகளிலிருந்து ஏறக்குறைய முழுவதுமாக நீக்கிவிட்டது. 2012-இல் கோடக் நிறுவனம் கடன் பாதுகாப்புக்கு மனுச் செய்தது. 2013-இல் பியூஜி நிறுவனம் சினிமாச் சுருள் தயாரிப்பை நிறுத்தியது. பழைய கருவிகள் பல எடைக்கு விலைபோயின. இதில் யாரையும் குறை கூறுவதற்கில்லை. சுருள் இல்லாத கொட்டகையில் ஒலித்தலை எதற்கு என்று கேட்டால் விடை கூறுவது எளிதன்று.

ஆயினும் விடை ஒன்று உண்டு. நம் நாட்டின் முதல் பேசும்படமாகிய 'ஆலம் ஆரா'வின் பிரதி ஒன்றுகூட இன்று கிடைக்கவில்லை. 1964-இல் பூனாவில் தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகம் தோன்றுவதற்கு முன்பே எத்தனையோ படங்கள் அழிந்துவிட்டன. எஞ்சியுள்ள சுருள்கள் எங்கோ ஒரு பரணில் கிடந்து, ஒருநாள் வெளிப்படக்கூடும். அன்று அதன் ஓரக்கோட்டைப் பார்த்து, இது எம்முறையில் பதிந்தது, எந்த ஒளியால் படிக்க வேண்டும், எத்தகைய ஒலிச்சீர்மைக்கு ஏற்ப அமைந்தது என்று சொல்ல ஒருவர் வேண்டாமா? எல்லாச் சுருளையும் ஒரே விளக்கு படித்துவிடாது. பழைய கறுப்பு-வெள்ளைச் சுருளில் ஒலிக்கோடு வெள்ளியால் ஆனது. பழைய விளக்கும் பழைய மின்கலமும் அதற்கு முற்றும் பொருந்தும். இந்நூற்றாண்டின் தொடக்கத்தில் வந்த வண்ணச் சுருள்களில் கோடு நீலப்பச்சைச் சாயத்தால் ஆனது. அதற்குச் சிவப்பு ஒளி வேண்டும். பழைய விளக்கின் எதிரில் அது முணுமுணுக்கும். மேலும், 1938-இல் அமெரிக்கத் திரைப்பட அகாடமி வகுத்த ஒலி வரையறையை ஒட்டிப் பதிந்த படங்களை இன்றைய ஒலிபெருக்கியில் அப்படியே கேட்டால் இரைச்சலே மிகும். அன்றைய கலைஞர்கள் கேட்டது அந்த இரைச்சலை அன்று.

இங்கே பழுதுபார்ப்போருக்கு முன் ஒரு தருமசங்கடம் நிற்கிறது. பழைய எக்ஸைட்டர் விளக்கை அகற்றிவிட்டுச் சிவப்பு ஒளி டையோடையும் சிலிக்கான் மின்கலத்தையும் பொருத்தினால் கருவி நன்றாக, நெடுநாள் உழைக்கும். ஆனால் அது பழைய கருவியாக இருக்குமா? நமது கருத்து இதுதான். வேண்டியதை மாற்றலாம், ஆனால் எதையும் அறுத்துத் துளைத்து மாற்றுதல் கூடாது. கழற்றிய பாகத்தைக் காகிதத்தில் சுற்றி, நாளும் காரணமும் எழுதி, கருவியின் அருகிலேயே வைத்தல் வேண்டும். பின்னால் வருபவர் முன்னால் இருந்த நிலைக்கு அதைக் கொண்டுசெல்ல வழி திறந்திருக்க வேண்டும். ஒன்றில் மட்டும் விட்டுக்கொடுத்தலுக்கு இடமில்லை. 1950-க்கு முற்பட்ட சுருள்களில் பல நைட்ரேட் என்னும் எளிதில் தீப்பற்றும் பொருளால் ஆனவை. அவற்றைப் பழுது பார்த்த கருவியில் ஓட்டிப் பார்க்கும் ஆசை, உயிருக்கே உலை வைக்கும். அவை காப்பகத்துக்குச் செல்ல வேண்டியவை.

கற்பிப்பவர் இருந்தால் கற்பவர் வராமல் போவதில்லை. 2019 டிசம்பரில் பிலிம் ஹெரிடேஜ் பவுண்டேஷன் என்னும் அமைப்பு, திரைப்படப் பாதுகாப்புப் பயிற்சி முகாம் ஒன்றை ஹைதராபாத்தில் அன்னபூர்ணா ஸ்டூடியோவில் நடத்தியது. படச்சுருளைக் கையால் தொட்டு அறிவதற்கு அத்தகைய இடங்கள் இன்னும் இருக்கின்றன என்பது ஆறுதல் தருகிறது. ஆயினும் பல்லாண்டு கொட்டகை மாடத்தில் நின்று, கார்பன் விளக்கின் வெப்பத்தில் காய்ந்து, காதாலேயே பழுதைக் கண்ட ஆபரேட்டர்களின் அறிவு பெரும்பாலும் ஏட்டில் ஏறவில்லை. அவர்களில் வாழ்ந்திருப்போர் முதியவர்கள். அவர்களை அணுகி, அவர்கள் சொல்வதை அவர்கள் மொழியிலேயே எழுதி வைப்பது இன்று செய்யக்கூடிய வேலை. நாளை செய்ய முடியாத வேலை.

சாலார் ஜங் கடிகாரத்தின் பொம்மை மணிக்கு மணி வெளிவருகிறதென்றால், அதற்கு எண்ணெய் இட்டுச் சாவி கொடுக்கும் கை ஒன்று இருக்கிறது என்பது பொருள். கூடி நிற்பவர்கள் அக்கையைக் காண்பதில்லை. பேசும்படக் கருவிக்கும் அத்தகைய கை ஒன்று வேண்டும். ஓர் அட்டையை ஒளியின் குறுக்கே வீசி, 'தொம்' என்ற அந்த ஒலியைக் கேட்டு முகம் மலரும் இளைஞர் ஒருவர் ஒவ்வொரு நகரத்திலும் இருந்தால் போதும். நம் முன்னோர் திரையில் பேசிய பேச்சு ஊமையாகிவிடாது.